மனநல நாளில் ஒரு மௌத்துச் செய்தி

எங்கள் கந்தோருக்கு மனநலம் ஒரு மஞ்சள் கூடையோடு வந்தது. கல்முனைச் சந்தையில் வெங்காயம் அள்ளிவைக்கிற சாதாரண பிளாஸ்டிக் கூடை. அன்றைக்கு அதற்குள் எல்லோரும் கைபேசியை நிறுத்திப் போட வேண்டும் என்பது கட்டளை. கூடையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனவன் நான்தான். பல்லைக் காட்டிக்கொண்டு போனேன். 

நான் அப்போது ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளையில் பதில் முகாமையாளராக இருந்தேன். உண்மையான முகாமையாளர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடமாகியும் அந்தக் கதிரைக்கு யாரையும் போடாமல், என்னை அதன் விளிம்பில் குந்தவைத்திருந்தார்கள். நிரந்தரமாக்குவார்கள் என்ற நப்பாசையில் தலைமைக் கந்தோர் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன். தலையாட்டத் தொடங்கினால் பிறகு கழுத்து தானாகவே ஆடிக்கொண்டிருக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் மாறிக்கொண்டே இருந்தது. விரலை வைத்து உள்ளே வருவது போய் முகத்தைக் காட்டி உள்ளே வருவது வந்தது. கடதாசிப் படிவங்கள் போய்த் தொடுதிரை டெப் வந்தது. லீவு கேட்பதற்கும், மேசைக்கு ஒரு புதுப் பல்பு கேட்பதற்கும், மாதக் கடைசியில் 'இன்று உங்கள் மனநிலை எப்படி' என்று ஐந்து மஞ்சள் மூஞ்சிகளில் ஒன்றை அமத்துவதற்கும் ஒரே செயலி. எல்லோரும் சிரிக்கிற மூஞ்சியைத்தான் அமத்தினார்கள். அழுகிற மூஞ்சியை அமத்திய ஒருவருக்கு மறுநாளே விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்த கதை கிளை முழுக்கத் தெரியும்.

அந்தக் கிளையில் உண்மையிலேயே வேலை தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். மருதமுனைப் பிள்ளை, முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். மரணக் கோரிக்கைகள் அவளுடைய மேசைக்குத்தான் வரும். புருஷன் மௌத்தாகி விதவையான பெண் எங்கள் ஊர்களில் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள்; வீட்டைவிட்டு வரமாட்டாள். புது முறைப்படியோ கோரிக்கை போடுபவர் கவுண்டருக்கு வந்து டெப்புக்கு முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். கொழும்பில் இருந்து இந்த முறையைச் செய்தவர்களுக்கு இத்தா என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் முயலவில்லை.

இவள் கந்தோர் முடிந்ததும் டெப்பைப் பையில் போட்டுக்கொண்டு தன் ஸ்கூட்டியில் அந்த வீடுகளுக்குப் போவாள். போனதும் படிவத்தை எடுக்கமாட்டாள். திரைக்கு உள்ளே போய், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, கடைசி நாட்களில் அவர் என்ன சாப்பிட்டார், ஆர் பக்கத்தில் இருந்தது என்று கேட்பாள். அரை மணித்தியாலம் கழித்துத்தான் டெப் வெளியே வரும். ஒருநாள் நானும் கூடப் போய் வெளியே கதிரையில் இருந்தேன். உள்ளே அந்த விதவைப் பெண், நாங்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்த சத்தம் கேட்டது. இதை எந்தக் கம்பனியும் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

இதற்குக் கம்பனி வைத்த பெயர் 'அனுமதியற்ற வெளிக்களப் பயணம்'. வருடாந்த மதிப்பீட்டில் மற்றவரின் மனநிலையை விளங்கிக்கொள்ளும் திறன் என்ற பகுதியில் கிளையிலேயே மிகக் குறைந்த புள்ளி அவளுக்கு. காரணம், அந்தப் பகுதிக்கான பரீட்சை இணையத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. அவள் பாதிக் கேள்விகளுக்குப் பிழையான கட்டத்தை அமத்திவிட்டாள். எனக்கு நல்ல புள்ளி. அந்தத் தாளில் கையெழுத்து வைத்தவனும் நான்தான்.

அந்தப் புள்ளிகளைக் கூட்டுவதற்குத்தான் மனநல நாள். கொழும்பிலிருந்து பயிற்சியாளர் வருகிறார், பிராந்திய முகாமையாளர் பின்வரிசையில் இருந்து பார்ப்பார், கிளையில் ஒருவர்கூடக் குறையக் கூடாது, குறைந்தால் கிளையின் 'நலக் குறியீடு' இறங்கும் என்று எனக்கு மூன்று தடவை எடுத்துச் சொன்னார்கள்.

மனநல நாளுக்கு முதல் நாள் பின்னேரம் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"சேர், நாளைக்கு நான் வராட்டி என்ன? சாச்சிக்கு ஏலாமக் கெடக்கு. ஆஸ்பத்திரியால ஊட்ட கொண்டு வந்திட்டாங்க."

அவளுடைய உம்மா அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போதே மௌத்து. உம்மாவின் தங்கைதான் அவளைத் தூக்கி வளர்த்தது. சாச்சி என்று கூப்பிடுவாளே தவிர, உம்மா என்றால் அவளுக்கு அந்த மனுசிதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய கல்யாணத்தில் சோறு தின்றவன் நான்.

"நாளைக்கு ஒரு நாள்தானே," என்றேன். "செயலியில் லீவு போடப் போனா காரணம் கேட்கும். தாய், தகப்பன், புருஷன், பிள்ளை இந்த நாலுதான் அதில் இரிக்கி. சாச்சி எண்டு ஒரு இடம் இல்ல. நாளைக்கு மட்டும் வாங்க. மறுநாள் நான் பார்த்துக்கொள்றன்."

"ஓம் சேர்," என்றுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதலே யன்னல்களை எல்லாம் சாத்தி, ஏசியைப் போட்டு, மேசைகளைச் சுவரோடு தள்ளி, கதிரைகளை வட்டமாக வைத்தோம். கூடை நிரம்பியது. பயிற்சியாளர் வெள்ளைச் சப்பாத்தும் நல்ல வாசமுமாக வந்தார். ஆள் கெட்டவர் அல்ல. பாவம், அவருக்கும் யாரோ ஒரு கோப்பைக் கொடுத்து நடத்தச் சொல்லியிருப்பார்கள். எங்களை ஒருவரை ஒருவர் பார்த்துக் கைதட்டச் சொன்னார். பலூன் ஊதி அதற்குள் கவலையை விடச் சொன்னார். எங்கள் கிளையில் இருபது வருடம் வேலைசெய்த, பேரப்பிள்ளை கண்ட மனுசன் ஒருவர் கன்னம் உப்ப பலூன் ஊதிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிராந்திய முகாமையாளர் பார்க்கிறார் என்பதால் நானும் ஊதினேன்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் செக்குரிட்டி கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வெளியே போனேன். ஓட்டோ ஓட்டுகிற ஒருவர் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். அவளுடைய சாச்சி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னார்.

"சேர், இவட சாச்சி மௌத்தாகிட்டாங்க. போனடிச்சா போன் வேல செய்யிதில்ல. அதான் ஓடி வந்தன். கையோட கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க."

மௌத்தைக் கேள்விப்பட்டால் சொல்கிற இன்னா லில்லாஹியைச் சொன்னேன். அது தானாக வாயில் வந்தது. அடுத்துச் சொன்னது நான் யோசித்துச் சொன்னது.

"நீங்க போங்க. நான் சொல்லி அனுப்புறன்."

"இப்பவே சொல்லுவீங்கதானே சேர்?"

"ஓம், ஓம். நீங்க போங்க."

அவர் போய்விட்டார். ஒரு கந்தோர் ஆள், கழுத்துப்பட்டி கட்டிய ஆள், வாயால் ஓம் என்று சொன்னால் அவருக்குப் போதும்.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். அவள் கதிரையில் இருந்தாள், மடியில் ஒரு சிவப்புப் பலூன். பின்வரிசையில் பிராந்திய முகாமையாளர் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போட்டேன். எங்கள் ஊர் ஆளுக்குத்தான் அந்தக் கணக்கு வரும். காலையில் மௌத்து என்றால் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அடக்கம். கபுறுக் குழி வெட்ட வேண்டும், மையித்தைச் சுற்றக் கபன் துணி எடுக்க வேண்டும், அக்கரைப்பற்றிலும் ஒலுவிலிலும் இருந்து சொந்தக்காரர் வந்து சேர வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்குத் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் விடுவார்கள். அப்போது சொன்னால், பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை, பத்து நிமிடம். அஸருக்கு இன்னும் இரண்டரை மணித்தியாலம் கிடக்கும். அழுவதற்கும் நேரம் இருக்கும். குறியீடும் இறங்காது.

இதை நான் பதறிப்போய்ச் செய்யவில்லை. நன்றாக யோசித்து, நல்ல முடிவு எடுத்த திருப்தியோடு உள்ளே போய் என் கதிரையில் இருந்தேன். அவளுக்கு எதிர்க் கதிரை. அவள் என்னைப் பார்த்து, யார் வந்தது என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிட்ட, கண்மூடி அமர்தல். பயிற்சியாளர் விளக்குகளைக் குறைத்து, ஒரு சிறிய ஸ்பீக்கரில் கடல் அலைச் சத்தம் போட்டார். எங்கள் கந்தோரிலிருந்து உண்மையான கடலுக்கு நடந்து போகலாம். அந்தக் கடலின் சத்தம் கேட்காமல் யன்னலைச் சாத்திவிட்டு, பெட்டிக்குள்ளிருந்து கடல். அதற்கிடையில் எங்கோ தூரத்தில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது மாதிரியும் கேட்காத மாதிரியும் இருந்தது. "உங்களுக்கு மிகவும் பிடித்த ஒருவரின் முகத்தை மனதில் கொண்டுவாருங்கள்," என்றார் பயிற்சியாளர். நான் கண்ணை முழுக்க மூடவில்லை. அவள் மூடியிருந்தாள். முகம் இளகி, வாயோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. யாருடைய முகத்தைக் கொண்டுவந்தாள் என்பது எனக்குத் தெரியும். பிராந்திய முகாமையாளர் எழுந்து வந்து குனிந்து அவளைப் படம் எடுத்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவளை நடைவழிக்குக் கூப்பிட்டேன்.

"மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்க. சாச்சி மௌத்தாகிட்டாங்களாம். இப்பதான் ஆள் வந்து சொல்லிட்டுப் போகுது."

இப்பதான். அந்தச் சொல்லை நான் தேடவேயில்லை, கேட்காமலே நாக்கில் வந்து நின்றது.

அவள் கைபேசியைக்கூட எடுக்காமல் ஓடினாள். கூடைக்குள் கிடந்ததைப் பிறகு நான் எடுத்து இயங்கவைத்தேன். தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டேயிருந்தன.

அடக்கம் லுஹரோடு முடிந்திருந்தது. என்னை வைச்சிக் காக்கவைக்க வேணாம், கெதியாக் கொண்டு போய் வைங்க என்று அந்த மனுசி முதலே கடைசி விருப்பமாக, வசியத்துப் போலச் சொல்லிவைத்திருந்தாவாம். முந்திய நாளே ஆஸ்பத்திரியில் கைவிட்டிருந்ததால் சொந்தக்காரரெல்லாம் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள்; யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, இவளைத் தவிர. இவளுக்காகக் கொஞ்சம் பார்த்திருக்கிறார்கள். ஓட்டோக்காரர் கந்தோரில் சொல்லியாச்சு என்று போனில் சொல்லிவிட்டார். சொல்லியும் வரவில்லையென்றால் கந்தோர் விடவில்லை போல, மையித்தைத் தாமதிக்கக் கூடாது என்று பெரியவர்கள் தூக்கிவிட்டார்கள். பெண்கள் அடக்குகிற இடத்துக்கு, மையவாடிக்குப் போவதில்லை. முகம் பார்ப்பதென்றால் வீட்டிலிருந்து தூக்குவதற்கு முதல் பார்க்க வேண்டும். அவள் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிய இடம் மட்டும் ஈரமாக இருந்ததாம். இதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள், அழாமல் சொன்னாள்.

அன்று பின்னேரமே கம்பனியின் பேஸ்புக் பக்கத்தில் படங்கள் ஏறின. முதல் படம் அவளுடையது. கண்மூடி, வாயோரம் சிரிப்போடு. 'மனநிறைவான ஊழியர், மகிழ்ச்சியான வாடிக்கையாளர்' என்று மேலே எழுதியிருந்தது. கட்டாரில் இருக்கிற சாச்சியின் மகன் அதைப் பார்த்திருக்கிறான். படத்தின் ஓரத்தில் சுவர்க் கடிகாரமும் விழுந்திருந்தது. உம்மாவைத் தூக்கிய நேரத்தில் இவள் ஏசிக்குள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று அவன் குடும்பத்து வட்ஸ்அப்பில் போட, சாச்சியின் மகள், இவள் அக்கா முறைக்கு ராத்தா என்று கூப்பிடுகிறவள், இவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

படத்தை எடுக்கும்படி தலைமைக் கந்தோருக்கு எழுதினேன் என்று சொல்ல ஆசை. எழுதவில்லை. அந்தப் படத்துக்கு நல்ல வரவேற்பு, எங்கள் கிளைக்கு முதலிடம் என்று பாராட்டு வந்திருந்தது. நன்றி என்று பதில் போட்டேன்.

மூன்று நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சேர், ஒரு உதவி. ஒருக்கா எங்கட ஊட்ட வந்து, எனக்குத் தெரியாமத்தான் போச்சு எண்டு ராத்தாக்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்புறாங்க இல்ல. அந்த ஓட்டோக்காரர் எத்தின மணிக்கி வந்தாரு, அதை மட்டும் சொன்னாப் போதும்."

"வாறன், கட்டாயம் வாறன்," என்றேன்.

அவள் என்னை என்ன கேட்டாள் என்பது எனக்கு விளங்கியது. அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டில் சொல்லியிருப்பார்கள். செக்குரிட்டியும் சொல்லியிருப்பார். நான் இப்பதான் என்று சொன்னது பொய் என்று தெரிந்தபிறகும் என் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லவில்லை. அந்த விதவைப் பெண்களிடம் போய் உட்காருகிற மாதிரியே என்னிடமும் வந்து நின்று, உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள். நான் இரண்டு கிழமை சாக்குப் போக்குச் சொன்னேன். கூட்டம், அறிக்கை, காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் "ஓம் சேர்" என்றாள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு சாச்சி வீட்டுக்கு பஸ்ஸில் போனேன். கந்தோர் சேர் வந்திருக்கிறார் என்று முன்விறாந்தையில் கதிரை போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்கள். ராத்தாவின் புருஷனும் அவருடைய பெரியப்பா ஒருவரும் எனக்கு எதிரில் இருந்தார்கள். பெண்கள் திரைக்கு உள்ளே. இஞ்சிபோட்ட பிளேன்டீ வந்தது. அவ்வளவு மரியாதை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பெரியவர் கேட்டார்.

"செய்தி பத்து மணிக்கே வந்ததெண்டுறாங்களே மகன், அப்படியா?"

அதற்கு ஓம் என்று சொன்னால் போதும். நாள்முழுக்க எல்லோருக்கும் ஓம் சொல்கிற வாய் இது. ராத்தாவின் புருஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மச்சினன் முறையான ஒருவர் எங்கள் தலைமைக் கந்தோரில் இருக்கிறார் என்பது எனக்கு நினைவு வந்தது.

"இல்ல," என்றேன். "அவர் வந்தது பன்னிரண்டரைக்குப் பிறகுதான். வந்ததும் நான் உடனே சொல்லிட்டன். இவட பேரில ஒரு பிழையும் இல்ல."

விறாந்தையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"அப்ப அவன்தான்," என்றார் ராத்தாவின் புருஷன். "வழியில ஆக்கள ஏத்திப்போற ஹயர் ஒண்டு கெடைச்சிருக்கும். அதை முடிச்சிட்டுத்தான் போயிருப்பான். அதுக்குள்ள பத்துக்கே சொல்லியாச்சு எண்டு போன்ல நமக்குப் பொய் வேற."

"மௌத்துச் செய்தியிலயுமா மனிசன் பொய் சொல்லுவான்," என்றார் பெரியவர். "இனி அவன இந்த வாசல்ல ஏத்தப்படாது."

திரைக்கு உள்ளே ராத்தா சத்தமாக அழுதாள். இவளைக் கட்டிப்பிடித்து அழுகிறாள் என்று சத்தத்தில் தெரிந்தது. நான் எதற்காக வந்தேனோ அது நடந்துவிட்டது. திரை கொஞ்சம் விலகியது. ராத்தாவின் கை தோளில் கிடக்க, அவள் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழுகிப்போன எதையோ தெரியாமல் மிதித்துவிட்டவர் காலைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தாள். பிறகு திரையை இழுத்துவிட்டாள்.

தேநீரைக் குடித்து முடித்தேன். கோப்பையைக் காலியாக்காமல் வைத்தால் மரியாதையில்லை.

வெளியே வந்தால் பக்கத்து வீட்டு வாசலில் ஓட்டோ நின்றது. அவர் என்னைக் கண்டதும் ஓடிவந்தார்.

"சேர், பஸ்ஸுக்கு நிக்கப் போறீங்களா? ஏறுங்க, நான் கொண்டு விடுறன்."

ஏறி உட்கார்ந்தேன். பாண்டிருப்பு கோயிலடியைத் தாண்டினோம். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சேர், ஒண்டு கேட்கணும். இவங்க ஊட்டுல என்னைப் பத்தி ஒரு மாதிரிக் கதை அடிபடுது. நான் பிந்திப் போனனாம். எனக்கு நித்திரையே இல்ல சேர். நான் பத்து மணிக்கு முந்தியே வந்தன்தானே?"

"ஓம்," என்றேன். "முந்தியே வந்தீங்க."

"அல்ஹம்துலில்லாஹ். நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும். ஊட்டுலயும் சொல்லிட்டீங்கதானே?"

"சொல்லிட்டன்."

அவருடைய தோள் இரண்டும் இறங்கின. மீதி வழியெல்லாம் தன் பிள்ளைகளைப் பற்றிச் சந்தோஷமாகக் கதைத்துக்கொண்டே வந்தார். கந்தோருக்கு முன்னால் இறங்கி நான் கூலியை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சும்மா இரிங்க சேர். மௌத்து ஊட்டுக்கு வந்தவங்கக்கிட்ட சல்லி எடுக்கிறதில்ல."

நானும் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவருக்கு நன்றி சொன்னேன்.